முகாமுக்கு முன்னும் பின்னும்: இயந்திரவியல் பட்டயப் படிப்பு மாணவி ஒருவரின் வேலைத் தேடல் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழகத்தின் மேற்கு மாவட்டம் ஒன்றில் உள்ள பாலிடெக்னிக் கல்லூரியில் இயந்திரவியல் பட்டயப் படிப்பின் இறுதிப் பருவத்தில் இருந்த மாணவி ஒருவர், மாவட்ட அளவிலான தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமுக்கு எவ்வாறு தயாரானார், அங்கே என்ன செய்தார், அதற்குப் பின் எவ்வாறு முடிவெடுத்தார் என்பதை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. கல்லூரியில் வேலைவாய்ப்புப் பொறுப்பைக் கவனிக்கும் விரிவுரையாளர் என்ற முறையில் இந்த நிகழ்வைத் தொடக்கம் முதல் அருகிலிருந்து பார்த்தேன். மாணவியின் ஒப்புதலுடனேயே இது எழுதப்படுகிறது. அவர் பெயரும், நிறுவனங்களின் பெயர்களும், இடத்தைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களும் விடப்பட்டுள்ளன.

மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்கள் மாதந்தோறும் வெள்ளிக்கிழமையொன்றில் தங்கள் வளாகத்திலேயே சிறிய அளவில் முகாம் நடத்துவதும், அவ்வப்போது ஒரு கல்லூரி வளாகத்தை எடுத்துக்கொண்டு பெரிய அளவில் நடத்துவதும் நம் மாவட்டங்களில் வழக்கம். அனுமதி இலவசம். பத்தாம் வகுப்புத் தேறியவர் முதல் பொறியியல் பட்டதாரி வரை எவரும் வரலாம். இங்கே பேசப்படுவது அவ்வாறான பெரிய முகாம் ஒன்று.

மாணவியின் தந்தை விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்பவர். தாய் வீட்டிலிருந்தே துணிகளுக்குப் பிசிறு வெட்டிக் கொடுப்பவர். பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து நேராக பாலிடெக்னிக்கில் சேர்ந்தவர் இவர். மதிப்பெண்கள் நடுத்தரமானவை. கணிதத்தில் ஓர் அரியர் நின்றிருந்தது. நேரடி இரண்டாமாண்டில் பி.இ. சேரலாம் என்ற யோசனை வீட்டில் இருந்தபோதிலும், தம்பியும் அதே ஆண்டில் மேல்நிலைப் படிப்பை முடிப்பதால், முதலில் ஓராண்டாவது வேலைக்குப் போக வேண்டும் என்பது ஏறத்தாழ முடிவாகியிருந்தது.

கல்லூரிக்கு நேரடியாக வந்து ஆள் எடுத்த நிறுவனங்கள், அரியர் இல்லாதவர்களையே தேர்வுக்கு அனுமதித்தன. ஆகவே முகாம்தான் அவருக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு என்று சொல்லலாம்.

தொடக்கத்தில் கவனித்தவை

முகாம் பற்றிய அறிவிப்பை வகுப்பில் வாசித்தபோது எழுந்த முதல் கேள்வி வேலையைப் பற்றியதாக இல்லை. தனியார் வேலையில் சேர்ந்தால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு போய்விடுமா என்றுதான் பலர் கேட்டனர். இந்த மாணவியின் தந்தையும் தொலைபேசியில் அதையே கேட்டார். தனியார் துறையில் பணி நியமனம் பெறுவதால் பதிவு மூப்பு பாதிக்கப்படாது என்று இத்தகைய அறிவிப்புகளின் அடியில் ஒவ்வொரு முறையும் அச்சிடுகிறார்கள். ஆனால் அந்த வரியைப் படிப்பவர் மிகக் குறைவு. அதை வாசித்துக் காட்டிய பிறகே அவர் மகளை அனுப்பச் சம்மதித்தார். பெற்றோர் தயக்கத்தை ஆர்வமின்மை என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடும் ஆசிரியர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

மாணவி கொண்டுவந்த பயோடேட்டா இரண்டு பக்கம் இருந்தது. இணையத்திலிருந்து எடுத்த குறிக்கோள் வாசகம், தந்தையின் தொழில், மதம், பொழுதுபோக்கு, தெரிந்த மொழிகள் எனப் பாதி இடம் போக, எஞ்சிய இடத்தில் ஐவர் சேர்ந்து செய்த இறுதியாண்டு திட்டப்பணி பெரிய எழுத்துகளில் இருந்தது. அந்த இயந்திரத்தின் பெரும்பகுதி நகரத்தில் உள்ள ஒரு புராஜெக்ட் சென்டரில் செய்து வாங்கப்பட்டது என்பது கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். நேர்காணல் செய்பவர்களுக்கும் தெரியும். அவர்களும் இதே மாவட்டத்தில் படித்தவர்கள்தாம்.

பேச்சைப் பொறுத்தவரை, ‘மைசெல்ஃப்’ என்று தொடங்கும் ஓர் ஆங்கில அறிமுகத்தை மனப்பாடம் செய்திருந்தார். இடையில் எவரேனும் ஒரு கேள்வி கேட்டால் அறிமுகம் அறுந்துவிடும். மீண்டும் முதலிலிருந்துதான் தொடங்க முடிந்தது.

பயோடேட்டாவும் பேச்சும்

முதலில் எடுத்த முடிவு, செய்யாத வேலையை நீக்கிவிட்டு, செய்த வேலையைக் கண்டுபிடித்து எழுதுவது. திட்டப்பணியில் உங்கள் கைப்பட நடந்தது என்ன என்று கேட்டபோது, வரைபடம் மட்டும் தான் போட்டதாகச் சொன்னார். பயோடேட்டாவில் அதுவே ஒரு வரியாயிற்று. விடுமுறையில் ஒரு சிறிய பம்ப்செட் உதிரிபாகப் பட்டறையில் பெற்ற இன்பிளான்ட் பயிற்சியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “அங்க சும்மா பாத்துட்டுத்தானுங்க சார் இருந்தேன்” என்றார்.

ஒவ்வொரு நாளும் காலை உள்ளே போனதும் எங்கே நின்றீர்கள், யார் பக்கத்தில் நின்றீர்கள், கையில் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டுக்கொண்டே போனபோதுதான் விவரம் வெளியே வந்தது. முதல் சில நாட்கள் சும்மா நின்றவரை, பரிசோதனைப் பிரிவில் ஆள் விடுப்பில் போனதால் ஒரு மேசையில் உட்கார வைத்து, கடைசலில் இருந்து வந்த புஷ்களின் (நடுவில் துளையுள்ள சிறு உருளைப் பாகங்கள்) துளையை, உள்ளே விட்டுப் பார்த்து அளவு சரியா என்று சொல்லும் பிளக் கேஜ் கொண்டு சரிபார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். தேறியது ஒரு தட்டில், தேறாதது சிவப்புப் பெட்டியில், எண்ணிக்கை நோட்டில். பயிற்சி முடியும்வரை அதே வேலைதான். தனக்குச் சலிப்பூட்டிய வேலை என்பதால் அதை அவர் அனுபவமாகக் கருதவேயில்லை. திருத்திய ஒரு பக்க பயோடேட்டாவின் மேற்பகுதியில் இது மூன்று வரிகளில் இடம்பெற்றது: என்ன பாகம், எந்தக் கருவி, தேறாதவற்றை என்ன செய்தார்.

அரியரை எழுதுவதா மறைப்பதா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. சக மாணவர்கள் மறைக்கச் சொன்னார்கள். கேட்கப்படுவதற்கு முன்பே சொல்லிவிடுவது என்று மாணவியே முடிவெடுத்தார். காரணம் நேர்மை மட்டுமன்று. பணியில் சேரும்போது எல்லாப் பருவங்களின் மதிப்பெண் பட்டியல்களும் கேட்கப்படும் என்பதால், மறைத்துப் பெறும் வாய்ப்பு அந்தக் கட்டத்தில் நிச்சயம் முறியும் என்ற கணக்கும் அதில் இருந்தது. ‘கணிதம் ஒன்று நிலுவை, இப்பருவத்தில் எழுதுகிறேன்’ என்று பயோடேட்டாவில் குறிக்கப்பட்டது.

பேச்சுக்கு, பெயர், படிப்பு, எந்த வேலைக்கு வந்திருக்கிறேன் என்ற மூன்று செய்திகளை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, செய்த வேலையைத் தமிழில் விளக்குவது என்று வைத்துக்கொண்டோம். இப்பகுதி ஆலைகளில் தரப்பிரிவுப் பொறுப்பாளர்கள் தமிழில்தான் பேசுகிறார்கள், எச்.ஆர். அலுவலர்களும் பாதிக்கு மேல் தமிழுக்குத் திரும்பிவிடுகிறார்கள். தடுமாறும் ஆங்கிலத்தைவிடத் தெளிவான தமிழே இங்கே பலன் தரும் என்பது என் கருத்து. சென்னையிலோ பெங்களூரிலோ மென்பொருள் வேலைக்குப் போகிறவருக்கு இது பொருந்தாது. ஒத்திகையின்போது வேண்டுமென்றே இடைமறித்துக் கேள்வி கேட்கப்பட்டது. அறுந்த இடத்திலிருந்தே தொடர்வதுதான் பயிற்சி.

பட்டியலைப் படித்தல்

பங்கேற்கும் நிறுவனங்களின் பட்டியல் முகாமுக்குச் சில நாட்கள் முன்னதாகக் கிடைத்தது. நிறுவனத்தின் பெயர், பணியிடம், கல்வித்தகுதி, காலியிட எண்ணிக்கை, சம்பளம் என்பவையே அதன் பத்திகள். பெரும்பாலான மாணவர்கள் சம்பளப் பத்தியை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

இந்த மாணவி வேறு முறையில் படித்தார். டிப்ளமோ இயந்திரவியல் என்று குறிப்பிட்டுக் கேட்ட வரிகளை மட்டும் பென்சிலால் அடையாளமிட்டார். ‘எனி டிகிரி, எனி டிப்ளமோ’ என்று பொதுவாகக் கேட்டவை பெரும்பாலும் விற்பனைக்கோ பொதுவான உற்பத்தி வரிசைக்கோ ஆள் எடுப்பவை என்பதால் அவற்றை ஒதுக்கினார். மிக அதிகக் காலியிடம் காட்டிய சில வரிகள் ஆலைகளுடையவை அல்ல, ஆள் வழங்கும் கன்சல்டன்சிகளுடையவை என்பதும் பெயர்களைத் தேடிப் பார்த்தபோது தெரிந்தது. ஒப்பந்தத் தொழிலாளர் முறை உரிமம் பெற்று நடத்தக்கூடியதே. அதில் மோசடி இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் அப்படிச் சேருகிறவர் எந்த ஆலையில் வேலை செய்தாலும் அந்த ஆலையின் ஊழியர் ஆகமாட்டார் என்பதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

முடிவில் நான்கு மேசைகள் நின்றன. முதலாவது, உள்ளூரில் பம்ப், வால்வு உதிரிபாகங்கள் செய்யும் நடுத்தர ஆலை. தரப் பரிசோதனைப் பயிற்சியாளர் பணி. இரண்டாவது, ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் உள்ள வாகன உதிரிபாக ஆலைக்கு ஆள் எடுக்கும் ஒரு கன்சல்டன்சி. பட்டியலில் மிக உயர்ந்த சம்பளம் இதற்குத்தான் போட்டிருந்தது. மூன்றாவது, தேசிய தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தின் கீழ் டிப்ளமோ முடித்தவர்களை ஓராண்டு எடுக்கும் பெரிய நிறுவனம். நான்காவது, நூற்பாலை இயந்திரப் பராமரிப்புப் பணி; இதை அவர் விரும்பவில்லை.

விரும்பாத மேசைக்கே முதலில் போவது என்று தீர்மானிக்கப்பட்டது. நாவின் தடுமாற்றமும் நடுக்கமும் அங்கே சற்று அடங்கிய பிறகு முக்கியமான மேசைக்குப் போகலாம் என்பதே காரணம். ஒரே ஆபத்து, முக்கிய மேசையில் கூட்டம் சேர்ந்துவிடுவது. உள்ளூர் நடுத்தர ஆலைகளின் முன் காலையில் கூட்டம் இருப்பதில்லை என்ற முந்தைய அனுபவத்தை நம்பி அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டோம்.

முகாம் நாள்

பதிவு மேசையில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து படிவம் நிரப்புவதற்கே பலருக்கு வெகு நேரம் பிடித்தது. வளாகத்தில் இணைய இணைப்பு நெரிசலில் தடுமாறியது. முந்தைய நாளே இணையத்தில் பதிந்து, எண்ணைக் காகிதத்தில் எழுதி வந்திருந்ததால் இந்த மாணவி விரைவில் உள்ளே போய்விட்டார். கையில் பயோடேட்டா நகல்கள், மதிப்பெண் பட்டியல்களின் நகல்கள், ஆதார் நகல், புகைப்படங்கள். அசல்கள் தனிக் கோப்பில். காட்ட மட்டுமே, கொடுக்க அல்ல என்பது முன்பே பேசிவைத்த விதி.

நூற்பாலை மேசையில் உரையாடல் சுருக்கமாக முடிந்தது. அரியரைச் சொன்னதும் தலையசைத்து பயோடேட்டாவை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

உள்ளூர் ஆலையின் மேசையில் எச்.ஆர். அலுவலருடன் தரப்பிரிவின் மூத்தவர் ஒருவரும் இருந்தார். பயோடேட்டாவின் மேல் மூன்று வரிகளைப் படித்தவர், காலடியில் இருந்த பையிலிருந்து ஒரு பித்தளை புஷ்ஷையும் மடித்த டிராயிங் ஒன்றையும் எடுத்து வைத்தார். துளையின் அளவு 25 எச்7 (25 மில்லிமீட்டர்; எச்7 என்பது அனுமதிக்கப்பட்ட அளவு வேறுபாட்டின் குறியீடு) என்றும், பக்கத்தில் கூடுதல் 0.021, குறைவு 0 என்றும் அதில் அச்சிட்டிருந்தது. கூடவே ஒரு வெர்னியரை நீட்டி, “அளந்து சொல்லும்மா” என்றார். மாணவி அளந்தார். 25.02 வந்தது. “அப்ப இது ஓகேவா?” என்று மூத்தவர் கேட்டார்.

கேள்வியின் உள்ளே இருந்த பொறி இதுதான்: 25.02 என்பது அனுமதித்த 25.021-க்குள் இருக்கிறது, ஆகவே ஓகே என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் வெர்னியரின் நுண்மையே 0.02 மில்லிமீட்டர். அனுமதிக்கப்பட்ட மொத்த இடைவெளியும் 0.021-தான். அளவுகோலின் ஒரு கோடு அளவுக்கே இருக்கும் இடைவெளிக்குள் பாகம் நிற்கிறதா இல்லையா என்று அந்தக் கருவியால் தீர்ப்புச் சொல்ல முடியாது. மாணவி சற்று யோசித்துவிட்டு, “வெர்னியரை வச்சு ஓகேன்னு சொல்ல முடியாதுங்க சார். பிளக் கேஜ் போட்டுப் பாக்கணும். கோ பக்கம் உள்ள போகணும், நோ கோ போகக் கூடாது” என்றார். நோ கோ பக்கம் உள்ளே போய்விட்டால் அதை எங்கே வைப்பாய் என்று அவர் கேட்டதற்கு, சிவப்புப் பெட்டி என்றும், தொடர்ந்து வந்தால் கடைசல்காரரிடம் சொல்ல வேண்டும் என்றும் பதில் வந்தது.

அந்த மேசையில் கேட்கப்பட்டவற்றுள் பாடப்புத்தகக் கேள்வி ஒன்றுகூட இல்லை. அரியரைப் பற்றி மாணவி தானே சொன்னபோது, தேர்வு முடிவு வந்த பிறகு பார்ப்போம் என்றார்கள். விடைபெறும் முன், அடுத்து என்ன நடக்கும், யாரைத் தொடர்புகொள்வது என்று கேட்டு, தொலைபேசி எண்ணைப் பட்டியலின் பின்புறத்தில் குறித்துக்கொண்டார். ஒவ்வொரு மேசையை விட்டு விலகியதும் நின்று குறிப்பெழுதுவது ஒத்திகையில் சொல்லப்பட்டதே. மாலைக்குள் எல்லா முகங்களும் ஒன்றாகக் கலந்துவிடும் என்பதால் இதை வலியுறுத்தியிருந்தோம்.

கன்சல்டன்சி மேசை முன் நீண்ட வரிசை. இங்கே கேட்க வேண்டிய கேள்வி முன்பே தயாராக இருந்தது: நியமன ஆணை யார் பெயரில் வரும், சம்பளம் யார் கணக்கிலிருந்து வரும்? “ஆர்டர் எங்க பேர்லதான் வரும், வேலை அந்தக் கம்பெனிலதான்” என்ற பதிலும், உடனே சேரத் தயாராக இருந்தால் அரியர் பிரச்சினை இல்லை என்ற உறுதியும் கிடைத்தன. அசல் சான்றிதழ்களைச் சேரும் நாளில் ஒப்படைக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. தொழிற்பழகுநர் மேசையில் நேர்காணல் நடக்கவில்லை. இணையதளத்தில் பதிவு செய்துகொள்ளும்படி சொல்லி விவரத் துண்டு கொடுத்தார்கள்.

சம்பளத்தைப் பிரித்துப் பார்த்தது

முகாம் முடிந்த இரு நாட்களுக்குள் கன்சல்டன்சியிலிருந்து அழைப்பு வந்தது: மாதம் 18,500 ரூபாய், அடுத்த வாரமே சேரலாம், தேர்வுக்கு விடுப்பு தருவோம். வீட்டில் மகிழ்ச்சி. உள்ளூர் ஆலையிலிருந்து அதுவரை எந்தத் தகவலும் இல்லை. மேசையில் பேசப்பட்ட தொகையும் 14,000-தான்.

அவசரமாக ஒப்புக்கொள்வதற்கு முன் 18,500-இன் பிரிவை எழுத்தில் கேட்கும்படி மாணவிக்குச் சொல்லப்பட்டது. வாட்ஸ்அப்பில் வந்த பிரிவின்படி அது சிடிசி, அதாவது ஓர் ஊழியருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் 12,000. இதர படிகளுடன் மொத்தம் 15,500. அதற்கு மேல் காட்டியிருந்த மூவாயிரம் ரூபாயில், நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதிப் பங்கு, 15,500-இன் மேல் 3.25 விழுக்காடு இ.எஸ்.ஐ. பங்கு, ஆண்டுக்கொருமுறை தரப்படும் போனஸின் மாதக் கணக்கு ஆகியவை அடங்கியிருந்தன. ஊழியர் பங்காக 12,000-இன் மேல் 12 விழுக்காடான 1,440 ரூபாயும், 15,500-இன் மேல் 0.75 விழுக்காடான 117 ரூபாயும் பிடிக்கப்படும். கைக்கு வருவது 13,943. இதிலிருந்து விடுதிக்கும் உணவுக்கும் 2,500 போனால் மிஞ்சுவது சுமார் 11,440 ரூபாய்.

உள்ளூர் ஆலையின் 14,000 என்பது பிடித்தத்துக்கு முந்தைய மொத்தம். அதில் அடிப்படைச் சம்பளம் 11,000 எனில் வைப்பு நிதிக்கு 1,320, இ.எஸ்.ஐ.க்கு 105 போக 12,575 கைக்கு வரும். ஆலை சாதாரண நகரப் பேருந்து செல்லும் வழியில் இருந்ததால், மகளிருக்கான கட்டணமில்லாப் பயணத்தில் போக்குவரத்துச் செலவும் இல்லை. 4,500 ரூபாய் குறைவு என்று வீட்டில் நினைத்த வேலை, மாத இறுதியில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதலாகத் தந்தது. இந்தக் கணக்கை மாணவியே ஒரு தாளில் எழுதித் தந்தையிடம் காட்டினார். வைப்பு நிதி வீணாகும் பணம் அன்று என்பதும், அது இரு இடத்திலும் பொதுவானதே என்பதும் அவருக்குத் தனியே விளக்க வேண்டியிருந்தது.

தொழிற்பழகுநர் வாய்ப்பும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. 2019-ல் திருத்தப்பட்ட விதிகள் டிப்ளமோ முடித்தவர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாக மாதம் 8,000 ரூபாயை வைத்தன. இந்த நிறுவனம் அதற்கு மேலாகவே தந்தது. சான்றிதழுக்கு மதிப்புண்டு. ஆனால் படிப்பை முடித்த பிறகே பதிய முடியும் என்பதாலும், ஓராண்டுக்குப் பின் வேலை உறுதியில்லை என்பதாலும் இது மாற்று ஏற்பாடாக வைக்கப்பட்டது.

முடிவும் தொடர்ந்தவையும்

எடுக்கப்பட்ட முடிவு, கன்சல்டன்சிக்குத் தேர்வு முடியும்வரை சேர இயலாது என்று பணிவாகத் தெரிவித்துவிட்டு, உள்ளூர் ஆலையை மாணவியே தொடர்புகொள்வது. இது துணிச்சலான முடிவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கையில் இருந்ததை விட்டுவிட்டு வராத ஒன்றுக்குக் காத்திருந்தார். அவர் அனுப்பிய செய்தி சுருக்கமானது: “வணக்கம் சார். சனிக்கிழமை முகாமில் 25 எச்7 புஷ் அளந்த பாலிடெக்னிக் மாணவி. தரப் பரிசோதனைப் பயிற்சியாளர் பணிக்குத் தொடர்ந்து ஆர்வமாக உள்ளேன். தேர்வுகள் அடுத்த மாதம் முடிகின்றன. ஆலைக்கு நேரில் வரச் சொன்னால் வருகிறேன்.” முகாமில் பயோடேட்டாக்களை அடுக்கி எடுத்துச் சென்றவருக்கு ஒரு பெயர் நினைவிருக்காது, புஷ் நினைவிருக்கும் என்பதே முதல் வாக்கியத்தை அப்படி அமைத்ததன் நோக்கம். மறுநாள் பதில் வந்தது.

ஆலையில் எழுத்துத் தேர்வாக ஒரு டிராயிங்கை வாசித்து எந்தெந்த அளவுக்கு எந்தக் கருவி என்று எழுதச் சொன்னார்கள். பிறகு தளத்தைச் சுற்றிக் காட்டினார்கள். ஷிப்ட் நேரம், இரண்டாம் ஷிப்ட் முடிந்ததும் வீடு திரும்ப வாகனம், கழிப்பறை வசதி ஆகியவற்றைத் தாயின் கேள்விகளாக மாணவி கேட்டார். இரண்டாம் ஷிப்டுக்கு ஆலை வேன் உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது. இந்த ஆலையும் அசல் சான்றிதழ்களை ஆறு மாதம் ஒப்படைக்கச் சொன்னது. மேற்படிப்பு விண்ணப்பத்துக்கு அசல்கள் தேவைப்படும் என்று காரணம் சொல்லி, சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரும்படி கேட்டபோது, அதிக வாதமின்றி ஏற்றுக்கொண்டார்கள். கேட்டால் விட்டுக்கொடுக்கும் நிபந்தனைகளும் உண்டு என்பதை எங்கள் மாணவர்கள் அறிந்திருப்பதில்லை.

நியமனம் தேர்வு முடிவுக்கு உட்பட்டது என்று எழுத்தில் கொடுக்கப்பட்டது. கணிதத்தில் தேர்ச்சி பெற்றார். மதிப்பெண் அதிகமில்லை, ஆனால் போதுமானது. பயிற்சிக் காலம் முடிந்து பணி உறுதி செய்யப்பட்டது. இப்போது அவர் அதே ஆலையின் அளவீட்டு அறையில், பாகங்களை நுட்பமாக அளக்கும் சி.எம்.எம். இயந்திரத்தில் வேலை பழகிவருகிறார். சம்பளம் 16,000 ஆகியிருக்கிறது. பி.இ. சேர்வது பற்றிய பேச்சு வீட்டில் இன்னும் முடியவில்லை.

உடன் சென்ற மாணவர்

ஒப்பீட்டுக்காக அதே வகுப்பு மாணவர் ஒருவரைப் பற்றியும் குறிப்பிட வேண்டும். அவர் பட்டியலைப் படிக்கவில்லை; கையில் இருந்த நகல்கள் தீரும்வரை கண்ட மேசையில் எல்லாம் கொடுத்தார். அவருக்கும் வேலை கிடைத்தது, அதுவும் இந்த மாணவிக்கு முன்பாகவே. ஆகவே தயாரிப்பு இல்லாவிட்டால் வேலை கிடைக்காது என்று இந்த நிகழ்விலிருந்து முடிவு கட்ட இயலாது. ஆள் தேவை மிகுந்த ஒரு வட்டாரத்தில் முகாமுக்கு வருகிற எவருக்கும் ஏதேனும் ஒரு வேலை கிடைத்துவிடும்.

வேறுபாடு பின்னர் தெரிந்தது. அவர் சேர்ந்தது மேலே சொன்ன கன்சல்டன்சியைப் போன்ற இன்னொன்றின் வழியாக. ஆலையில் உற்பத்தி குறைந்தபோது ஒப்பந்த ஆட்களை முதலில் நிறுத்தினார்கள். வைப்பு நிதிக்கான யுஏஎன் எண்ணைக் கேட்க ஆலைக்குப் போனால் கன்சல்டன்சியைக் கேள் என்றார்கள். கன்சல்டன்சியில் தொலைபேசியை எடுத்தவர் மாறிக்கொண்டே இருந்தார். அசல் சான்றிதழ்களைத் திரும்பப் பெறவே கல்லூரியிலிருந்து பேச வேண்டியதாயிற்று. இப்போது அவர் தொழிற்பழகுநராக வேறோர் ஆலையில் இருக்கிறார். அவர் திறமையில் குறைந்தவர் அல்லர். கடைசல் இயந்திரத்தில் இந்த மாணவியைவிட அவருக்குக் கை பழக்கம் அதிகம். ஆனால் அந்தச் செய்தி அவர் பயோடேட்டாவில் எங்கும் இல்லை.

மாற்ற வேண்டியவை

இன்பிளான்ட் பயிற்சியில் செய்ததை மாணவியிடமிருந்து கேட்டுக் கேட்டுத்தான் வெளியே எடுக்க முடிந்தது. பயிற்சிக்குப் போகும்போதே ஒரு சிறு நோட்டில் அன்றன்று தொட்ட கருவி, பார்த்த பாகம், கேட்ட திட்டு உட்பட எழுதிவரும்படி இப்போது எல்லோருக்கும் சொல்லப்படுகிறது. பயிற்சி அறிக்கை என்று ஆலையின் வரலாற்றை நகலெடுத்து வைக்கும் வழக்கத்தைவிட இது பயன்படுகிறது.

ஒத்திகையும் பட்டியல் வாசிப்பும் இந்த முறை கேட்டு வந்த சிலருக்கே கிடைத்தன. முகாம் அறிவிப்பு வந்த பிறகு தொடங்கினால் எல்லோருக்கும் செய்ய நேரம் போதாது. ஐந்தாம் பருவத்திலேயே, வகுப்பு நேரத்திலேயே வைக்க வேண்டும். ‘நான் முதல்வன்’ திட்டப் பயிற்சி வகுப்புகளுக்கு ஒதுக்கப்படும் நேரத்துடன் இதையும் இணைக்க முடியுமா என்று பார்க்கப்படுகிறது. சம்பளப் பிரிவைப் படிக்கும் பயிற்சி பெற்றோருடன் சேர்த்தே நடத்தப்பட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை, ஏனெனில் 18,500 என்ற எண்ணுக்கு முதலில் சம்மதம் சொல்பவர்கள் அவர்களே.

நிறுவனப் பட்டியலில், நியமனம் நேரடியாகவா, மூன்றாம் தரப்பு வழியாகவா என்று ஒரு பத்தியும், சம்பளம் சிடிசியா மொத்தமா என்று ஒரு பத்தியும் சேர்க்கும்படி வேலைவாய்ப்பு மையத்துக்கு எழுதினோம். அடுத்த முகாமின் பட்டியலில் முதல் பத்தி சேர்க்கப்பட்டிருந்தது. பல நிறுவனங்கள் அதை நிரப்பாமலே விட்டிருந்தன. அந்த மேசைகளில் எங்கள் மாணவர்கள், நியமன ஆணை யார் பெயரில் வரும் என்று நேரிலேயே கேட்டுவிட்டு வந்தார்கள்.